எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், அமைதி மட்டும் வரவில்லை

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

எனக்கு 58 வயது. பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மதுரையில் கணவர், மகன், மருமகளோடு இருக்கிறேன். குறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நான் செய்கிற தியானத்தின் அருமை இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த இரண்டாம் மாதம் ஒரு பத்து நாள் மௌன முகாமுக்குப் போய்வந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். முதலில் மூச்சு மட்டும், அப்புறம் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உடம்பில் தெரிகிற உணர்ச்சிகளைக் கவனிப்பது. பேச்சில்லை, போன் இல்லை, சாயங்காலம் டீயும் பொரியும்தான். அந்த அமைதி எனக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர்கள் சொன்னபடி காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் விடாமல் உட்காருகிறேன். உட்கார விட்டால்தானே! சரியாக அந்த நேரத்துக்கு என் கணவர் செய்திச் சேனலில் விவாதம் வைப்பார். கேட்டால், “கண்ணை மூடுறவ காதையும் மூடிக்க வேண்டியதுதானே” என்கிறார். அடுக்களையில் குக்கர் விசில். மகன் வேறு, “எப்பப் பாத்தாலும் என்னம்மா இது” என்று கேட்கிறான்.

நான் எவ்வளவு விட்டிருக்கிறேன் என்று இவர்களுக்குத் தெரியாது. அம்மா பக்கவாதம் வந்து நாலு வருடம் என் வீட்டில்தான் படுக்கையில் கிடந்தார்கள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது, எல்லாம் நான்தான். தங்கை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், “அம்மா எனக்குத்தான் தரச் சொன்னாங்க” என்று இரட்டை வடச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. விட்டுவிட்டேன்.

பற்றுதான் துன்பத்துக்குக் காரணம் என்று முகாமில் சொன்னார்கள். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். எனக்கு அது இயல்பாகவே வருகிறது என்று நினைக்கிறேன். அம்மா போன அன்றுகூட அழுகை வரவில்லை, இரவு நன்றாகத் தூங்கினேன். இப்போது வீட்டில் மூன்று மாதப் பேத்தி இருக்கிறாள், அவளைத் தூக்கினாலும் ஒன்றும் தோன்றுவதில்லை, பற்று போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். அதையும் மருமகள் தப்பாகப் புரிந்துகொண்டு, “அத்தைக்குப் பாப்பாவைப் பிடிக்கலையோ” என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். இவர்களுக்குக் குறை சொல்ல ஏதாவது வேண்டும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தங்கை அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்தாள். பார்த்தேன், சிரித்தேன், வந்துவிட்டேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது, பிறகு தூக்கமே இல்லை. இப்போது தினமும் அப்படித்தான் ஆகிறது. அதனால் மாலையில் உட்கார்ந்தால் தலை சாய்கிறது. அம்மாவை நினைத்து மைத்ரீ தியானமும், அதாவது ஒருவருக்கு அன்போடு நலம் நினைக்கிற தியானமும், செய்து பார்க்கிறேன், மனதில் ஒன்றுமே எழுவதில்லை.

சத்தத்துக்கு நடுவில் கவனம் சிதறாமல் உட்கார என்ன வழி? இன்னும் நீண்ட முகாம் ஒன்றுக்குப் போனால் நிலையான ஆனந்தம் கிடைக்குமா? சங்கிலி போனால் போகட்டும், அதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் சங்கிலி மூன்று இடங்களில் வருகிறது. பேத்தி ஒரே ஒரு வரியில் வந்து, அதுவும் மருமகள் மீதான புகாராக மாறிப் போய்விடுகிறாள். நான் அந்த ஒரு வரிக்குத்தான் பதில் எழுதப் போகிறேன். குக்கர் விசிலும் செய்தி விவாதமும் எல்லா வீட்டிலும் உண்டு, அவற்றால் யாருடைய அமைதியும் கெட்டதில்லை.

மூன்று மாதக் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கும். அதைக் கையில் வைத்திருக்கும்போது ஒன்றுமே தோன்றவில்லை என்றால், அதற்குப் பற்றறுத்தல் என்று பெயர் வைக்க எந்தத் தியான மரபும் ஒப்புக்கொள்ளாது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் இருந்து புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய விசுத்திமக்கம் தியானப் பயிற்சிக்கான பெரிய கையேடு. சமநிலை மனத்துக்கு ஒரு பகை தூரத்தில் இருக்கிறது, ஒரு பகை பக்கத்திலேயே இருக்கிறது என்கிறது அது. விருப்பும் வெறுப்பும் தூரத்துப் பகை. பக்கத்துப் பகை, ஒன்றும் அறியாத அக்கறையின்மை. நல்லது கெட்டதில் அலைக்கழியாமல் இருப்பது வெளியிலிருந்து பார்க்க இரண்டிலும் ஒரே மாதிரி தெரியும், அதனால்தான் அது ஆபத்தான பகை. சமநிலை உள்ளவருக்குப் பாசம் வரும், வலி வரும், இரண்டும் வந்து போவது தெரியும். உங்களுக்கு வருவதே நின்றிருக்கிறது.

பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் மரத்துப் போகும், வலி இருக்காது. அதை வைத்துப் பல் குணமாகிவிட்டது என்று யாரும் நாற்காலியை விட்டு எழுந்து வருவதில்லை. ஊசி போட்டது முகாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நெடுநாள் முன்பே போட்டாகிவிட்டது.

நாலு வருடம் குழாய் வழியாகத் தாய்க்கு உணவு கொடுத்தவர், ஒவ்வொரு முறையும் மனம் உடைந்துகொண்டிருந்தால் வேலை நடந்திருக்காது. கஞ்சி கட்டியில்லாமல் வடிகட்டியிருக்கிறதா, தலைப்பக்கம் உயர்த்தியிருக்கிறதா, முதுகில் சிவப்புத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அழுவதைத் தள்ளிவைத்தீர்கள், அது அன்றைக்குத் தேவைப்பட்ட திறமை. அம்மா போன இரவு நன்றாகத் தூங்கினீர்கள் என்று எழுதியதை வைராக்கியத்துக்குச் சான்றாக வைத்திருக்கிறீர்கள். நாலு வருடமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்காத உடம்பு அது, தூங்காமல் என்ன செய்யும்? ‘அப்பாடா’ என்றும் ஒரு கணம் தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்தான். நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெரும்பாலானோருக்கு அது தோன்றும், அதை வெளியே சொல்லப் பயந்து கூடவே துக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். தோன்றியிருந்தால் அது பாவமில்லை.

தங்கை விஷயத்தில் உங்களோடு நான் முழுவதும் நிற்கப்போவதில்லை. அவள் செய்தது சரியில்லை. ஆனால் நீங்கள் செய்ததை விட்டுக்கொடுத்தல் என்று சொல்ல முடியாது, கேட்காமல் விழுங்கினீர்கள். விட்டுக்கொடுப்பதென்றால், “எனக்கும் அதில் ஆசை இருந்தது, இருந்தாலும் நீ வைத்துக்கொள்” என்று ஒருமுறையாவது வாயால் சொல்லியிருக்க வேண்டும். விழுங்கியது ராத்திரி இரண்டு மணிக்கு வந்து எழுப்புகிறது. இன்னொன்றும் எனக்குப் படுகிறது. உங்களை உறுத்துவது பவுன் இல்லை, அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது. புரட்டிப் போட்டவர் நீங்கள், அழ நேரம் கிடைத்தது அவளுக்கு.

மைத்ரீ தியானத்தில் அம்மாவை நினைத்தால் ஒன்றும் எழவில்லை என்கிறீர்கள். இதற்கு விசுத்திமக்கத்தில் நேரடியாகவே விடை உண்டு: இறந்தவரை நினைத்து மைத்ரீ பழகக்கூடாது. இளம் பிக்கு ஒருவர் தம் ஆசிரியரை நினைத்து உட்கார்ந்து, எவ்வளவு முயன்றும் கைகூடாமல் மூத்தவரிடம் போய்க் கேட்கிறார். யாரை நினைத்துச் செய்கிறாய் என்று முதலில் பார் என்கிறார் அவர். விசாரித்தால் அந்த ஆசிரியர் இறந்துபோயிருக்கிறார். மைத்ரீயை முதலில் தன்னிடமிருந்து தொடங்கி, பிறகு மதிப்புக்குரிய ஒருவர், பிரியமானவர், பழக்கமில்லாத ஒருவர், கடைசியில்தான் மனத்தாங்கல் உள்ளவர் என்று போக வேண்டும். இறந்தவருக்கு நாம் செய்ய வேண்டியது துக்கப்படுவது. அதை நீங்கள் இன்னும் தொடங்கவேயில்லை.

நீங்கள் போன முகாம் எது என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன். எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் வழியில் நடக்கும் விபாசனா தியான முகாம்களின் விதிமுறையிலேயே இது மருத்துவ, மனநல சிகிச்சைக்கு மாற்று இல்லை என்றும், அன்றாட வாழ்க்கையின் துன்பங்களிலிருந்து தப்பிக்கும் இடம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் தியானத்தில் வரும் சிக்கல்களைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் உணர்வு மழுங்கிப்போவதும் ஒன்று. அதனால் தியானம் கெட்டது என்று ஆகிவிடாது. எல்லாவற்றுக்கும் பொங்கி எழுகிற மனத்துக்கு எதிர்வினையைக் குறைக்கச் சொல்லித் தருகிற பயிற்சி அது. ஏற்கெனவே எதிர்வினையே இல்லாமல் உறைந்திருப்பவர் அதையே ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் செய்தால் உறைவு இன்னும் கெட்டிப்படும். உடம்பைத் தலையிலிருந்து பாதம் வரை கவனித்துக்கொண்டு போகும்போது நெஞ்சுப் பக்கம் ஒன்றும் தெரியாமல் இருக்கும், ‘இதையும் சமநிலையோடு பார்ப்போம்’ என்று கடந்துவிடுவீர்கள். அங்கேதான் நிற்க வேண்டியிருந்தது.

நிலையான ஆனந்தம் கேட்கிறீர்கள். எழுவதெல்லாம் மறையும் என்பதுதான் நீங்கள் பத்து நாள் உட்கார்ந்து கேட்டது, அதிலிருந்து நிரந்தரமான ஒன்றை எப்படி எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே நீண்ட முகாம் இப்போது வேண்டாம். வீட்டில் செய்கிற இரண்டு மணி நேரத்தையும் ஆறு வாரம் நிறுத்தி வையுங்கள். பழக்கம் விட்டுப்போய்விடும் என்று பயமாக இருந்தால், காலையில் மட்டும் பத்து நிமிடம், கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் படுவதையும் வெளியிலிருந்து வரும் சத்தத்தையும் கவனித்தால் போதும், உள்ளே போக வேண்டாம். மாலையில் மாடியில் இருபது தப்படி நடந்து திரும்புங்கள், கால் எழுவதும் பதிவதும் தெரியட்டும். அந்த நேரத்தில் வீட்டில் விவாதம் ஓடினால் ஓடிக்கொண்டு போகட்டும்.

மிச்ச நேரத்தில் அம்மாவைப் பற்றி எழுதுங்கள். புகழுரையாக வேண்டாம். குழாய் மாற்றிய நாள், எரிந்து விழுந்த நாள், நாற்றம், அலுப்பு, அம்மா கடைசியாகத் தெளிவாகப் பேசியது, எது வந்தாலும் எழுதுங்கள். இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், அழுகை வராவிட்டாலும் பரவாயில்லை. தங்கையோடு பேசுவது அதற்கு அப்புறம். முதலிலேயே போனால் சங்கிலிச் சண்டையாகத்தான் முடியும்.

மருமகளிடம் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவள் உங்களைக் குறை சொல்லவில்லை, இந்த வீட்டில் உங்களுக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பதை முதலில் கவனித்தவள் அவள்தான். “பாப்பாவைத் தூக்கினா எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குதும்மா, ஏன்னு தெரியல, பயமா இருக்கு” என்று சொல்லுங்கள். பிடிக்காமல் இல்லை என்பது அவளுக்கு அதிலேயே விளங்கிவிடும். பிறகு ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது. மருமகள் பக்கத்தில் இருந்து தண்ணீர் ஊற்றட்டும். பாசம் வருகிறதா என்று ஒவ்வொரு நாளும் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், அதுவே ஒரு தியானமாகிவிடும். கை செய்துகொண்டிருக்கட்டும், மனம் பின்னால் வரும், வர வாரங்கள் ஆகலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எதிலும் மகிழ்ச்சி தோன்றாமல் போவது மனச்சோர்வின் இரண்டு முதன்மை அறிகுறிகளில் ஒன்று. சோகமாக இருந்தால்தான் மனச்சோர்வு என்பதில்லை. விடியலுக்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்து பிறகு தூக்கம் வராததும் அதோடு சேர்ந்து வருகிற ஒன்று. நெடுநாள் தீராத துக்கத்தையும் ஒரு தனிச் சிக்கலாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்கிறது, உணர்வு மரத்துப்போவது அதிலும் உண்டு. உங்களுக்கு இருப்பது எது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல மாட்டேன். போகும்போது தைராய்டு (டிஎஸ்ஹெச்), பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகிய பரிசோதனை முடிவுகளைக் கொண்டுபோங்கள், உங்கள் வயதில் இவையும் களைப்பாக, உணர்வின்மையாக வரும். இப்போது சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றின் பெயரையும், நாளுக்கு எவ்வளவு நேரம் தியானம் செய்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறது என்றால் ஆறு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே கணவரை எழுப்புங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.