அமெரிக்கக் கால்பந்தில் அடியும் விதியும்: கேள்வி பதில்

பிட்ஸ்பர்கில் குடியேறி இருபத்தாறு வருடம் ஆகிறது. ஸ்டீலர்ஸ் அணியைப் பற்றி எதுவும் தெரியாமல் இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேச முடியாது. அப்படித்தான் எனக்கு இந்த ஆட்டம் பழக்கமானது. என்.எஃப்.எல். எனும் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் முரட்டு ஆட்டமும் அதைக் கட்டுப்படுத்தும் விதிகளும் எப்படி மாறின என்று கேட்டு வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். பல பதில்களில் பிட்ஸ்பர்க் வந்து நிற்கும். ஊர்ப்பாசம் ஒரு காரணம்தான். ஆனால் அந்த விதிகளில் பல, நிஜமாகவே எங்கள் அணி ஆட்களை வைத்து எழுதப்பட்டவை.

கேள்வி: சார், இந்த ஆட்டம் எனக்குப் புதுசு. பழைய காலத்தில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறார்களே, உண்மையா?

எதை வேண்டுமானாலும் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்று நம்பவே முடியாத பல விஷயங்கள் விதிப்படியே நடந்தன. லீக் தொடங்கியது 1920-ல். ஹெல்மெட் கட்டாயமானது 1943-ல். 1955 வரை, பந்தோடு கீழே விழுந்தவர் எழுந்து மறுபடி ஓடலாம். அதனால் அவரை எழவிடாமல் செய்ய மேலே மேலே விழுந்து அமுக்குவார்கள். முகக்கம்பி பரவலான பிறகு அதைப் பிடித்து இழுப்பது ஒரு உத்தியாகவே ஆனது. 1956-ல் அதைத் தடுத்தார்கள், ஆனால் பந்து வைத்திருப்பவரின் முகக்கம்பியை மட்டும் பிடிக்கலாம் என்று விட்டுவைத்தார்கள்! அதுவும் கூடாது என்றானது 1962-ல்தான்.

‘நைட் ட்ரெயின்’ லேன் என்று ஒரு தடுப்பாட்டக்காரர். 1952-ல், தன் முதல் பருவத்தில், 12 ஆட்டங்களில் 14 முறை எதிரணி வீசிய பந்தைப் பறித்தவர். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. ஓடி வருபவரின் கழுத்தில் கையை மாட்டிச் சாய்ப்பது அவர் பாணி. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸின் டீக்கன் ஜோன்ஸ், எதிரே நிற்பவரின் ஹெல்மெட்டில் காதோரமாக உள்ளங்கையால் ஓங்கி அறைவார். அந்த ஆள் ஒரு நொடி தடுமாறுவதற்குள் இவர் தாண்டிப் போயிருப்பார். அந்தத் தலையறையை 1977-ல் தடை செய்தார்கள்.

கேள்வி: ‘மெல் பிளவுன்ட் விதி’ என்று வர்ணனையில் அடிக்கடி சொல்கிறார்கள். அது என்ன, அண்ணா?

தம்பி, இதை எங்கள் ஊரில் கேட்டால் டீ ஆறும்வரை பேசுவார்கள். பிளவுன்ட் ஸ்டீலர்ஸின் மூலைத் தடுப்பாட்டக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற வேகம். பந்து காற்றில் எழும்பும்வரை, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை வழி நெடுகத் தள்ளலாம், இடிக்கலாம் என்பது அப்போதைய விதி. பிளவுன்ட் அதை முழுசாகப் பயன்படுத்தினார். அவர் எதிரே நின்றால் ரிசீவருக்கு அன்றைக்கு வேலையே இல்லை. 1977-ல் ஓர் அணி சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு எடுத்தது 17 புள்ளிகள்தான். டிவியில் பார்ப்பவர்களுக்கு அலுத்துப்போகும் என்று லீக் கவலைப்பட்டது.

1978-ல், பந்து கிளம்பும் கோட்டிலிருந்து முதல் 5 யார்டுக்குள் மட்டுமே ரிசீவரைத் தொட்டுத் தடுக்கலாம் என்று மாற்றினார்கள். அதே வருடம், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை முன்வரிசையில் நின்று காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டி, விரித்த உள்ளங்கையால் தடுக்கவும் அனுமதி கிடைத்தது. இன்று நாம் பார்க்கும், வானத்தில் பந்து பறக்கும் ஆட்டம் பிறந்தது அந்த வருடம்தான் என்பேன். ஸ்டீலர்ஸை அடக்கப் போட்ட விதி என்று ஊரே கோபப்பட்டது. ஆனால் எங்களிடம் லின் ஸ்வானும் ஜான் ஸ்டால்வொர்த்தும் இருந்தார்களே! டெர்ரி பிராட்ஷா அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப் போட்டி) கோப்பைகளும் இங்கேதான் வந்தன.

கவனியுங்கள், இந்த விதி யாருடைய காயத்துக்காகவும் வரவில்லை. புள்ளிகளுக்காக வந்தது.

கேள்வி: அப்படியானால் காயத்துக்காக விதி வந்தது எப்போது?

அதே 1978, ஆகஸ்ட் 12. ஓக்லண்டில் பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம், கணக்கில் சேராத ஆட்டம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் டாரில் ஸ்டிங்லி, எட்டாத பந்துக்காகப் பாய்ந்தார். ஓக்லண்டின் ஜாக் டேட்டம் எதிரே வந்து மோதினார். ஸ்டிங்லிக்குக் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனது. வயது 26. 2007-ல் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான்.

அந்த மோதலுக்கு நடுவர், விதிமீறலைக் காட்டும் கொடியை வீசவில்லை. வீச விதி இல்லை. எனக்கு இதில் மனம் ஆறாத விஷயம், அதற்குப் பிறகும் லீக் மெதுவாகத்தான் நகர்ந்தது என்பதே. பந்தைப் பிடிக்கும் முயற்சியில் இருப்பவர், தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர், அவரைத் தலையிலோ கழுத்திலோ தாக்கக் கூடாது என்ற எண்ணம் துண்டு துண்டாக விதிக்குள் வந்து, கண்டிப்போடு அமலானது 2010-ல். முப்பத்திரண்டு வருடம்.

2010 அக்டோபரில் எங்கள் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு, கிளீவ்லாண்ட் ரிசீவர் ஒருவரை அடித்ததற்காக 75,000 டாலர் அபராதம் போட்டார்கள். ஊர் கொந்தளித்தது. நானும் அன்று ஹாரிசன் பக்கம்தான் பேசினேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

கேள்வி: ஐயா, இவ்வளவு பெரிய ஹெல்மெட் போட்டும் மூளைக்கு எப்படி அடிபடுகிறது?

தூக்குச்சட்டியில் மோர் கொண்டுபோகிறீர்கள் என்று வையுங்கள். சட்டிக்கு வெளியே எவ்வளவு துணி சுற்றினாலும், ஓடிவந்து சட்டென்று நின்றால் உள்ளே மோர் அலம்பத்தான் செய்யும். ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. உள்ளே மூளை அலைக்கழிவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. தோல் தொப்பி போட்டிருந்த காலத்தில் யாரும் தலையைக் கொடுத்து முட்ட மாட்டார்கள், தனக்கே வலிக்கும். கெட்டி பிளாஸ்டிக் வந்ததும் தலையே ஆயுதமாகிவிட்டது. 2018-ல், யாராக இருந்தாலும் தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் முட்டினால் 15 யார்டு தண்டனை என்று விதி வந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில், ஸ்டீலர்ஸின் ரயன் ஷேசியர் தலையைத் தாழ்த்தி டேக்கிள் செய்தபோது, அதாவது எதிராளியைச் சாய்க்கப் பாய்ந்தபோது, முதுகுத்தண்டில் அடிபட்டுக் களத்திலேயே கால் அசைக்க முடியாமல் கிடந்தார். பிறகு நடக்கத் தேறிவிட்டார், ஆனால் மறுபடி ஆடவில்லை.

கேள்வி: மூளைப் பாதிப்பு லீக்குக்கு முன்பே தெரியுமா? மறைத்தார்களா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

மைக் வெப்ஸ்டர் ஸ்டீலர்ஸின் நடு லைன்மேன். நான்கு சூப்பர் பவுல் வென்றவர். 17 பருவங்கள் ஆடியவர். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு முறையும் பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு எதிராளியோடு தலைக்குத் தலை மோதுவது அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகு நினைவு தப்பியது, மனம் தடுமாறியது, குடும்பம் பிரிந்தது, சில காலம் தன் பிக்கப் வண்டியிலேயே தூங்கினார். 2002-ல், ஐம்பது வயதில் இறந்தார். உடலைப் பரிசோதித்தது இந்த ஊர் கவுண்டியின் மரண விசாரணை அலுவலகத்தில் இருந்த பென்னட் ஒமாலு, நைஜீரியாவில் பிறந்த மருத்துவர். வெளிப்பார்வைக்கு மூளை சாதாரணமாக இருந்தது. அவர் விடவில்லை, மெல்லிய துண்டுகளாக வெட்டி, சாயமேற்றிப் பார்த்தார். டௌ என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. அதுதான் சி.டி.ஈ., தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு மூளை சிதையும் நோய். குத்துச்சண்டைக்காரர்களுக்கு இது போன்ற பாதிப்பு வருவதை மருத்துவ உலகம் 1928-லேயே எழுதியிருக்கிறது.

ஒமாலுவின் கட்டுரை 2005-ல் வெளிவந்தது. லீக்கின் மூளைக்காயக் குழுவைச் சேர்ந்த மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதினார்கள். அந்தக் குழு 1994-ல் அமைக்கப்பட்டது. தலைவராகப் பல வருடம் இருந்தவர் மூட்டுவாத மருத்துவர். சி.டி.ஈ.க்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் ஒப்புக்கொண்டது 2016 மார்ச்சில். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்னாள் ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 2013-ல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். அது போதாமல் போகலாம் என்று நீதிபதி ஏற்க மறுத்ததால் உச்சவரம்பே நீக்கப்பட்டது. அந்த நஷ்டஈட்டிலும் ஒரு அநியாயம்: கறுப்பின ஆட்டக்காரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு பாதிப்பை அளந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் போராடிய பிறகு, 2021-ல் அதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளையில் 110-ல் சி.டி.ஈ. இருந்தது. அதனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் என்று சொல்லக் கூடாது. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் தந்தார்கள்.

கேள்வி: இப்போது குவார்ட்டர்பேக்கைத் தொட்டாலே கொடி. இது கொஞ்சம் ஓவர் இல்லையா?

சில நேரம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று பாருங்கள். 2006 ஜனவரியில் சின்சினாட்டியின் கார்சன் பாமர் பந்தை வீசி முடித்த கணத்தில் ஸ்டீலர்ஸ் ஆள் ஒருவர் முழங்காலில் விழுந்தார், ஜவ்வு கிழிந்தது. முழங்காலிலோ அதற்குக் கீழேயோ தாக்குவதைத் தடுக்கும் விதி இறுகியது. 2008-ல் முதல் ஆட்டத்திலேயே டாம் பிரேடிக்கு முழங்கால் போய், பருவமே முடிந்தது; மறுவருடம் இன்னும் இறுக்கினார்கள். 2017-ல் ஆரன் ராஜர்ஸின் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்தபின், முழு உடல் எடையோடு மேலே விழுவதைக் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். அதில் ஒரு வேதனை: 2018-ல் மயாமியின் வில்லியம் ஹேஸ், குவார்ட்டர்பேக் மேல் எடை விழாமல் இருக்க உடலைத் திருப்பப் போய்த் தன் முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டார்.

நட்சத்திரம் அடிபட்டால் மறுவருடமே விதி வருகிறது. வெப்ஸ்டர் மாதிரி லைன்மேன்களுக்கு எத்தனை காலம் ஆனது? என் ஆதங்கம் அதுதான்.

கேள்வி: புதிய கிக்ஆஃப் ஏன் இப்படி விசித்திரமாக இருக்கிறது?

கிக்ஆஃப் என்பது பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது. முன்பு இரண்டு கூட்டம் அரை மைதானம் முழு வேகத்தில் ஓடிவந்து மோதும். 2009-ல் கைகோத்த சுவர் மாதிரி கூடி வருவதைத் தடுத்தார்கள். 2011-ல் உதைக்கும் இடத்தை 30-லிருந்து 35 யார்டு கோட்டுக்கு முன்னே தள்ளினார்கள். பந்து எல்லை தாண்டிப்போய், திருப்பி ஓடுவதே குறைந்தது. 2024-ல்தான் இப்போது பார்ப்பது வந்தது: உதைப்பவரும் பந்தை வாங்கி ஓடுபவர்களும் மட்டும் தூரத்தில், மற்றவர்கள் ஐந்து பத்து யார்டு இடைவெளியில் எதிரெதிரே நிற்பார்கள், பந்து தரையையோ ஆளையோ தொடும்வரை அசையக் கூடாது. ஓடிவரும் வேகம் இல்லை, ஆனால் ஓட்டம் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம்.

கேள்வி: ‘ஹிப் டிராப்’ டேக்கிள்?

ஓடுபவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, இடுப்பைச் சுழற்றித் தன் எடையை அவர் கால்மேல் போட்டு உட்காருவது. கணுக்கால் நசுங்கும். 2024-ல் தடை, ஆட்டக்காரர் சங்கம் எதிர்த்தது. களத்தில் அரிதாகத்தான் கொடி விழுகிறது, அபராதம் பிறகு வருகிறது.

கேள்வி: தலையில் அடிபட்டவரை மறுபடி ஆட விடுகிறார்களா?

விடக் கூடாது என்பது விதி. அணியைச் சேராத நரம்பியல் மருத்துவர் களத்தோரம் இருப்பார், மேலிருந்து கண்காணிப்பவர்களும் உண்டு. அப்படியிருந்தும் 2022 செப்டம்பரில் மயாமியின் துவா டகோவைலோவா அடிபட்டுத் தள்ளாடினார். முதுகுவலி என்று சொல்லித் திரும்ப ஆடினார். நான்கே நாளில் அடுத்த ஆட்டத்தில் விழுந்து விரல்கள் விறைத்துக் கிடந்ததை நாடே பார்த்தது. அந்த அக்டோபரிலேயே, நடையிலோ பேச்சிலோ தடுமாற்றம் தெரிந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது என்று சேர்த்தார்கள்.

கேள்வி: அண்ணா, நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஒன்பது வயது மகன் பள்ளி நண்பர்களோடு கால்பந்து சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். என்ன செய்ய?

அம்மா, நான் மருத்துவர் இல்லை. குழந்தை மருத்துவரிடமும் கேளுங்கள். என் வீட்டுப் பிள்ளை கேட்டிருந்தால் டேக்கிள் ஆட்டத்தில் இப்போது சேர்த்திருக்க மாட்டேன். ஒரே பெரிய அடி மட்டும் கவலை இல்லை. மயக்கம் வராத சின்னச் சின்ன மோதல்கள் வருடக்கணக்கில் சேருவதும் ஆபத்து என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. எத்தனை வருடம் ஆடினார்கள் என்பது முக்கியம். அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் லாபம்.

அவனுக்கு ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் அழுவான். ஃப்ளாக் ஃபுட்பாலில் சேருங்கள். இடுப்பு பெல்ட்டில் துணிப்பட்டை தொங்கும். அதை உருவினால் ஆள் அவுட் ஆன மாதிரி. வீசுவது, பிடிப்பது, ஓடுவது எல்லாம் அப்படியே உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அது இருக்கிறது, என்.எஃப்.எல். நட்சத்திரங்களின் ப்ரோ பவுல் ஆட்டமே 2023-லிருந்து ஃப்ளாக் முறைக்கு மாறிவிட்டது. அதை அவனிடம் சொல்லுங்கள். வசந்த காலப் பதிவு பல ஊர்களில் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், சீக்கிரம் விசாரியுங்கள்.