வீண் விரயம் கூடாது என்கிறது இஸ்லாம். அப்புறம் ஏன் முஸ்லிம் கல்யாணங்களில் இவ்வளவு பிரியாணி குப்பைக்குப் போகிறது?

ஏதோ ஒரு மண்டபத்தின் பின்வாசலைப் பார்த்துவிட்டு வந்துதான் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டுச் சோறும் மண்ணுக்குப் போயிருக்கிறது.

முதலில் ஒன்று. நான் ஆலிம் (மார்க்கம் படித்தவர்) இல்லை, சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதோடு சரி. தப்பிருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்; சண்டைக்கு வராதீர்கள்.

'உண்ணுங்கள், பருகுங்கள், வீண் விரயம் செய்யாதீர்கள்' என்கிறது குர்ஆன் (7:31). வீணடிப்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்றே சொல்கிறது (17:27). நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்கு முன் ஒளு செய்ய, அதாவது கை, முகம், கால் கழுவ, ஒரு முத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. இன்றைய கணக்கில் சுமார் முக்கால் லிட்டர். ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது கொடுத்த வலீமாவில், அதாவது கல்யாண விருந்தில், ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய், அவ்வளவுதான்.

இதெல்லாம் மகன் கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தேன்.

எங்களுடையது இராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர். முன்பெல்லாம் கல்யாணச் சாப்பாடு சகனில்தான். ஒரே தட்டைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்காருவோம். தீரத் தீரத்தான் சோறு வரும். பக்கத்தில் இருப்பவர் பார்க்க மிச்சம் வைக்க யாருக்கும் மனம் வராது. மகனோ, சென்னையிலிருந்து நண்பர்கள் வருகிறார்கள், மேஜை போட்டுத் தனித்தனித் தட்டில்தான் வைக்க வேண்டும் என்றான். சரி என்றேன்.

சமையல் பண்டாரி கணக்குப் போட்டுப் பார்த்து, "அறுபது கிலோ அரிசி தாராளம் காக்கா" என்றார். பக்கத்தில் இருந்த என் மச்சான், "கையக் கழுத்தோட கட்டிக்காதேன்னு குர்ஆன்லயே இருக்கு மச்சான்" என்று எடுத்துவிட்டார். கஞ்சத்தனம் பண்ணாதே என்று அர்த்தம். அதே வசனத்தில் (17:29) அடுத்த வரி, கையை முழுக்க விரித்தும் விடாதே என்பது. அது எனக்கும் தெரியும். ஆனால் சோறு பத்தவில்லை என்று ஊர் பேசினால் என்ன செய்வது என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. எழுபத்தைந்து போடச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. அறுநூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் ஐந்நூறு பேர் வந்தால் அதிகம். இரவு பத்தரை மணிக்கு ஒரு தேக்சா, பிரியாணி அண்டா, மூடியே திறக்காமல் தம்மில் இருந்தது. இருபத்தைந்து கிலோ அரிசி, அதற்கேற்ற கறி. முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டால் எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்றார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் கொஞ்சம், சொந்தக்காரர்களிடம் வற்புறுத்திக் கொஞ்சம் கொடுத்தோம். பாதிக்கு மேல் மீந்து காலையில் வாடை வந்துவிட்டது. ஆட்டுக்காவது போடலாம் என்றால், வயிறு உப்பிச் செத்துப்போகும் என்று தோப்புக்காரர் தடுத்துவிட்டார். தென்னந்தோப்பில் குழி வெட்டி மூடினோம்.

உம்மா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே விழுந்த பருக்கையை ஊதி வாயில் போட்டுக்கொள்கிற ஆள். திட்டவில்லை. "பின்தெருவுல எத்தன வீட்டுக்குச் சொல்லாம விட்டே வாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

விட்டிருந்தேன். வலை பின்னுகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள் என்று நாற்பது வீடு இருக்கும். பணக்காரர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடுகிற வலீமா விருந்துதான் உணவிலேயே மோசமானது என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது, புகாரி, முஸ்லிம் என்கிற இரண்டு தொகுப்புகளிலும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (சொற்பொழிவில்) எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

உடனே சிலர், 'சுன்னத்தான (நபிவழியான) விருந்தையே குறை சொல்கிறான்' என்று வருவார்கள். இல்லை ஐயா. ஓர் ஆட்டையாவது அறுத்து விருந்து கொடு என்று நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் நபியவர்களே சொல்லியிருக்கிறார்கள். பிரியாணி போடுவதைக் குறை சொல்ல நான் யார்? வேறு சிலர், மற்ற மதத்துக் கல்யாணங்களில் வீணாவதில்லையா என்பார்கள். ஆகிறதுதான். கேள்வி எங்களைப் பற்றி என்பதால் எங்கள் கதையைச் சொல்கிறேன்.

பிரியாணி என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். பெருநாள் முடிந்து போனால், "பாய், பிரியாணி எங்கே?" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷமும் அதையேதான் கேட்டார்கள். சம்பந்தமில்லைதான், மனதில் இருந்தது, சொல்லிவிட்டேன்.

போன வருஷம் பேரனுக்கு அகீகா, குழந்தை பிறந்ததற்கு ஆடு அறுத்துக் கொடுக்கிற விருந்து. பின்தெருவுக்கு முதலில் சொன்னேன். சகன் வைத்தோம், அரிசி இருபதே கிலோ. கடைசிப் பந்திக்குச் சோறு பத்தாமல் முக்குக் கடையிலிருந்து புரோட்டா வாங்கி வந்து போட்டோம். மச்சான் அதை இன்னமும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார்.