மரபணுவை நீக்கினால் எலியின் குடல் புண்ணாவது ஏன்?

கேள்வி: ஒரு மரபணுவை நீக்கிய எலிக்குக் குடல் அழற்சி வந்தால், அந்த மரபணுதான் குடலைக் காத்து வந்தது என்று முடிவுகட்டலாமா?

பதில்: அவசரப்படக் கூடாது. நோயெதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் புரதம் ஐ.எல்-10. அதற்கான மரபணுவை நீக்கிய எலிகளுக்குத் தானாகவே குடல் அழற்சி வருவதை 1993-இல் கண்டார்கள். அதே வகை எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது நோய் வரவில்லை. ஆக, மரபணு இல்லாதது மட்டும் போதாது, குடல் பாக்டீரியாவும் வேண்டும்.

ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். அதனால் ஒரே கூண்டில் இருப்பவற்றின் பாக்டீரியாவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மரபணு நீக்கிய எலிகள் ஒரு கூண்டில், வெளியே வாங்கிய சாதாரண எலிகள் வேறு கூண்டில் என்று வைத்தால், நாம் அளப்பது மரபணுவையா கூண்டையா என்றே தெரியாது. என்.எல்.ஆர்.பி.6 என்ற மரபணு இல்லாவிட்டால் குடல் பாக்டீரியா மாறிவிடும் என்று 2011-இல் சொன்னார்கள். 2017-இல் ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒப்பிட்டபோது அந்த மாற்றம் தென்படவில்லை.

ஆகவே மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்றை மட்டும் இழந்த ஆணையும் பெண்ணையும் இணைசேர்க்க வேண்டும். பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நாலில் ஒன்று முழுதும் இழந்தது, நாலில் ஒன்று இயல்பானது. இவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: நோய் தானாக வராத எலிகளில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

பதில்: குடிநீரில் 2 முதல் 3 சதவீதம் டெக்ஸ்ட்ரான் சோடியம் சல்ஃபேட் கலந்து 5 முதல் 7 நாள் கொடுப்பார்கள். அது பெருங்குடலின் உள்படலத்தை அரிக்கும். எடை, மலத்தின் இளக்கம், இரத்தம் மூன்றையும் தினமும் குறித்துவர வேண்டும். கடைசியில் பெருங்குடலின் நீளத்தை அளப்பார்கள். அழற்சி கூடக்கூட அது சுருங்கும். குடித்த நீரின் அளவைக் குறிக்காமல் விட்டால் சோதனையே வீண். குறைவாகக் குடித்த எலிக்கு நோயும் குறைவாகத்தான் வரும்; அதை மரபணுவின் கணக்கில் எழுதிவிடுவார்கள். இன்னொன்று: இந்த வேதிப்பொருள் திசுவிலேயே தங்கி, பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வோடு (மரபணு செயல்படும்போது உருவாகும் அதன் படி) வந்து, அதைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். லித்தியம் குளோரைடு கொண்டு ஆர்.என்.ஏ.வைத் தூய்மை செய்யாவிட்டால், மரபணுவே செயல்படாதது போல முடிவு வரும்.

கேள்வி: இது மனிதருக்குப் பொருந்துமா?

பதில்: எல்லா மரபணுவுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. ஐ.எல்-10 விஷயத்தில் பொருந்தியது. அது செல்லில் வந்து ஒட்டும் புரதமான ஏற்பியில் பிழையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடும் குடல் அழற்சி வருவது 2009-இல் தெரியவந்தது. எலும்பு மஜ்ஜை மாற்று இவர்களுக்குப் பலன் தருகிறது.