சிலை இருக்கட்டும், பீரோவைத் திறந்துவிடுங்கள்

கேள்வி: சிறுவயதில் எனக்குப் படிக்கும் பழக்கத்தை உண்டாக்கியவர் சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமா. 2014-இல் அவர் மறைந்தார். அவர் ஆசிரியராக இருந்த 'பூந்தளிர்' சிறுவர் இதழ்களை பைண்டு செய்து இன்றும் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவருக்குச் சொந்த ஊரில் ஒரு சிலை வைக்கக் கூடாதா?

பதில்: சிலையை விடுங்கள். 'பத்திரமாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எட்டு வயதுப் பிள்ளை ஒன்றுகூடவா இல்லை? பரணில் கரையான்தானே படிக்கும்!

அந்த பைண்டைப் பிரித்து வேட்டைக்கார வேம்பு வரும் பக்கத்தைப் பாருங்கள். தொப்பி கண்ணை மறைக்கும், புலி என்றாலே தொடை நடுங்கும், கடைசியில் மாட்டிக்கொள்வது என்னவோ புலிதான். 'டிங்கிள்' என்ற ஆங்கிலச் சிறுவர் இதழின் ஷிகாரி ஷம்புதான் அவர். ஆனால் பூந்தளிரில் படித்த பிள்ளைகளுக்கு அவர் நம் ஊர் ஆசாமி. வெளியிலிருந்து வந்த சரக்கையும் நம் வீட்டுப் பேச்சில் பிள்ளைக்குக் கொடுக்கத் தெரிந்த பத்திரிகை அது.

வாண்டுமாமாவின் இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1925-இல் அரிமளத்தில் பிறந்த அவர், பெரியவர்களுக்காகக் 'கௌசிகன்' என்ற பெயரிலும் எழுதினார். அந்தப் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? வாண்டுமாமாவைத் தெரியாதவர் குறைவு. அவருக்கு மூன்று ஆண்டு முன்பு, அதே புதுக்கோட்டைப் பக்கத்து ராயவரத்தில் பிறந்தவர் அழ. வள்ளியப்பா. வங்கி உத்தியோகம் பார்த்துக்கொண்டே மூன்று தலைமுறைக்குப் பாட்டு எழுதிவிட்டுப் போனார். இந்த இருவரையும் பற்றிப் பேச்செடுத்தால், "பிள்ளைகளுக்குத்தானே எழுதினார்கள்" என்று உதட்டைப் பிதுக்கும் விமர்சகர்களோடு இதே பக்கத்தில் பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன். பெரியவர்கள் எழுத்தாளரின் பெயருக்கு மரியாதை கொடுத்தாவது கடைசிப் பக்கம்வரை இழுத்துப் பிடித்துப் படிப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. மூன்றாவது வரி பிடிக்கவில்லையென்றால் எழுந்து விளையாடப் போய்விடும். அந்தப் பிள்ளையைக் கடைசிப் பக்கம்வரை உட்காரவைத்தவர் சின்ன எழுத்தாளரா?

சிறுவர் இலக்கியத்துக்கென்று சாகித்திய அகாதெமி பால சாகித்திய விருதைத் தொடங்கியது 2010-இல். அதன்பின் நான்கு ஆண்டு வாண்டுமாமா நம்மோடு இருந்தார். விருது அவர் வீட்டுக்கு வரவில்லை. இந்த ஆதங்கம் எனக்குத் தீரவே தீராது.

இப்போது நூலகத்துக்கு வருகிறேன். நாம் கட்டும் சொத்துவரியோடு பத்து சதவீதம் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஒரு கிளை நூலகத்தில் சிறுவர் நூல்களைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். காரணம் கேட்டேன். "பசங்க கிழிச்சிடுவாங்க சார்" என்றார் அங்கிருந்தவர். கிழியட்டுமே! பத்துப் பிள்ளைகள் புரட்டிக் கிழிந்தால் பசை போட்டு ஒட்டலாம், அதற்கும் தாங்காவிட்டால் புதிதாக வாங்கலாம். வரி வாங்குவது வேறு எதற்கு? அட்டை மடங்காமல் பளபளவென்று நின்ற அந்த வரிசையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிலைக்குக் கையெழுத்து திரட்டும் எண்ணம் இருந்தால், அதே கையெழுத்துகளோடு உங்கள் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். வாண்டுமாமாவின் நூல்களை வாங்கி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் பூட்டில்லாமல் வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கிளையில் பூட்டு தொங்குகிறது என்று எனக்கும் எழுதுங்கள். அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.