மகளுக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா?

அன்புள்ள அம்மா,

தாராளமாகச் சேர்க்கலாம். வெப்பம், அழுத்தம், அதிர்வு போன்றவற்றை அளக்கும் கருவிகளைப் பற்றிய பொறியியல்தான் இன்ஸ்ட்ருமென்டேஷன். "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லையா?" என்று உறவினர்கள் கேட்பதற்காக இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். மகளுக்கு விமான எஞ்சின்மீது ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசைக்கு இந்தப் பாடப்பிரிவு நேர் வழி.

ஜெட் எஞ்சினில் சூடான வாயு தள்ளிச் சுழற்றும் பகுதி டர்பைன். அதற்குள் நுழையும் வாயு 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டும். டர்பைனில் இறக்கைபோல் இருக்கும் பிளேடின் நிக்கல் கலவை அதற்கு முன்பே உருகக்கூடியது. பிளேடுக்குள் செலுத்தும் காற்றுதான் அதைக் காக்கிறது. அந்த பிளேடு எவ்வளவு சூடேறுகிறது, எப்படி அதிர்கிறது என்பதைச் சுழலும்போதே அளந்தாக வேண்டும். அளக்க முடியாத எஞ்சினைத் திருத்தவும் முடியாது.

இது அவ்வளவு கடினம் என்பதால்தான், சந்தையில் மோதிக்கொள்ளும் ஜிஇ, பிராட் அண்ட் விட்னி, ரோல்ஸ் ராய்ஸ் ஆகிய எஞ்சின் நிறுவனங்கள் அமெரிக்காவில் 'புரொபல்ஷன் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஒர்க்கிங் குரூப்' (எஞ்சின் அளவீட்டுப் பணிக்குழு) என்ற அமைப்பில் ஒன்றாக உட்கார்ந்தன. எஞ்சினுக்குள் அளக்கும் இத்தகைய சென்சார்கள் சொற்ப எண்ணிக்கையில்தான் தேவைப்படும். ஒரே நிறுவனத்தை நம்பி யாரும் முதல் போட மாட்டார்கள். எல்லோருடைய தேவையும் ஒன்றுசேர்ந்தால், சிறிய சென்சார் நிறுவனத்துக்கும் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கும் வேலை வருகிறது. அங்கெல்லாம் தேவைப்படுவது உங்கள் மகள் படிக்கப்போகும் படிப்பு.

ஆனால் அமெரிக்க ராணுவ எஞ்சின் பணிகளில் வெளிநாட்டவருக்குச் சட்டத் தடைகள் உண்டு. அங்கே வேலை கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கி அனுப்பிவிடாதீர்கள். நம் நாட்டில் காவேரி என்ற போர் விமான எஞ்சினை உருவாக்கிய அரசு ஆய்வகமான ஜிடிஆர்இ பெங்களூரில் இருக்கிறது. எரிதல் ஆராய்ச்சிக்கென சென்னை ஐஐடியில் ஒரு தேசிய மையமே இயங்குகிறது. இடங்கள் குறைவுதான். கிடைக்காவிட்டாலும் அனல் மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலை, மருந்துத் தொழிற்சாலை என எங்கும் இதே திறமைக்கு வேலை உண்டு.

முதல் ஆண்டிலேயே அவள் வெப்பநிலையை அளக்கும் ஒரு கே வகை தெர்மோகப்பிளைக் கையில் எடுக்கட்டும். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்தது, அவ்வளவுதான். 1,000 டிகிரியில் அது தருவது ஏறக்குறைய 41 மில்லிவோல்ட். ஆனால் அந்தக் கணக்கு மறுமுனை பூஜ்ய டிகிரியில் இருந்தால்தான் சரி. நம் ஊர் ஆய்வகத்தில் அந்த முனை 32 டிகிரியில் இருக்கும். அதைச் சேர்க்க மறந்தால் அளவு 30 டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும். இந்தப் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய மாணவியை நேர்முகத் தேர்வில் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்விலும் இன்ஸ்ட்ருமென்டேஷனுக்குத் தனித் தாள் இருக்கிறது. அதற்கான தயாரிப்பை மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் போதும்.

கட்டணம் கட்டுமுன் கல்லூரிக்கு நேரில் போங்கள். அளவீட்டு ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகளை மாணவர்கள் தாங்களே காலிபரேஷன் (சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுச் சரிசெய்தல்) செய்கிறார்களா, ஆசிரியர் செய்வதைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.