ஒரே சொல்லை 40 தடவை எழுதி மாட்டினால் அது கவிதையா?

"சொற்களை வைத்தே படம் செய்யும் ஒரு கவிஞரின் கண்காட்சிக்குப் போனேன். ஒரே சொல்லை 40 தடவை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எனக்கு மட்டும்தான் புரியவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரோ கூப்பிட்டார்கள் என்று போயிருப்பீர்கள், பத்து நிமிடத்தில் வெளியே வந்திருப்பீர்கள். தப்பில்லை. தலையாட்டிகளைக் கண்டால் எனக்கும் ஆகாது. நான் இலக்கியம் படித்தவனும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட கவிதை ஒன்றை என் கையாலேயே கெடுத்தவன் என்கிற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஈய எழுத்துக் காலத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோப்பவனாக இருந்தேன். 19 வயது. ஒரு கவிஞர் தன் கண்காட்சிக்காகச் சின்னப் புத்தகம் ஒன்று அச்சடிக்கக் கொடுத்தார். எல்லாம் கிராஃப் தாளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில் 'வா' என்ற சொல் மட்டும். வரிசைக்கு 7, மொத்தம் 7 வரிசை. நானே கோத்தேன், புரூஃப் எடுத்தேன், அவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து, மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் பார்க்கிறேன், ஐந்தாவது வரிசையில் ஒரு 'வா' இல்லை. பகீரென்றது. எழுத்து உதிர்வது எங்கள் தொழிலில் சகஜம்தான். ஆனால் உதிர்ந்திருந்தால் அங்கே ஓட்டை இருக்க வேண்டும். அச்சகத்தில் வெற்றிடம் என்று எதுவும் கிடையாது. இடைவெளிக்கும் ஈயக் கட்டை உண்டு. எழுத்தைவிட உயரம் குறைவு, அதனால் மை படாது, அவ்வளவுதான். இங்கே அந்தக் கட்டை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வைத்தவன் நான்தான், மறந்துபோயிருந்தேன். 'நாமும் விட்டுவிட்டோம், புரூஃபில் அவரும் கவனிக்கவில்லை' என்று முடிவுகட்டி, கட்டையைப் பிடுங்கிவிட்டு ஒரு வ, ஒரு கால் எடுத்துச் சொருகினேன். அன்றைக்கு என்னைப்போல் பொறுப்பான தொழிலாளி உலகத்தில் இல்லை என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

கவிஞர் வந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்து எண்ணினார். 49 வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு முதலாளி அறைக்குப் போய்விட்டார். காகிதக் காசு என் சம்பளத்தில் போனது.

இதில் அநியாயம் என்ன என்று கேட்பவர்களுக்கு: கண்காட்சியில் அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார். 48 வா ஒன்று, 49 வா ஒன்று. இரண்டாவதற்குக் கீழே 'அச்சகத்தின் திருத்தம்' என்று ஓர் அட்டை. வந்தவர்கள் முதல் தாளின் முன்னால் மௌனமாக நின்றுவிட்டு, இரண்டாவதுக்கு வந்ததும் சிரித்தார்கள். நான் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றேன். ஒரே ஒரு பெரியவர் மட்டும், "இதுதான்பா நிறைவா இருக்கு" என்று என் தாளைக் காட்டினார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 49-ல் 'வா' வெறும் கூப்பாடு. 48-ல் யாரோ வரவில்லை. அதைச் சொல்ல அந்தத் தாளில் வேறு ஒரு சொல்லும் கிடையாது.

சுவிஸ் கவிஞர் ஆய்கன் கோம்ரிங்கர் 1950-களிலேயே இதைச் செய்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. 'மௌனம்' என்று பொருள்படும் சொல் ஐந்து வரிசையில் 14 தடவை, நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. எங்கள் கவிஞர் அங்கிருந்து எடுத்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். ஜெர்மானியர் ரைன்ஹார்ட் டோல் 1965-ல் ஆப்பிள் வடிவம் முழுக்க 'ஆப்பிள்' என்ற சொல்லால் நிரப்பி, ஓரிடத்தில் மட்டும் 'புழு' என்று வைத்தார். அவசரமாகப் பார்த்தால் ஆப்பிள்தான் தெரியும். 1956-ல் சாவோ பாவ்லோவில் பிரேசில் கவிஞர்கள் ஓவியங்கள், சிற்பங்களோடு தங்கள் கவிதைகளையும் வைத்தார்கள். சட்டம் போட்டு மாட்டுவதை ஏமாற்று வேலை என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

'நம்மிடம் நாகபந்தமும் மாலைமாற்றும் எப்போதோ இருந்தன' என்று யாராவது வருவார்கள். இருந்தன, ஐயா. பின்னிய பாம்புப் படத்துக்குள் எழுதும் பாட்டு நாகபந்தம், கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாலும் அதேபோல் வருவது மாலைமாற்று. பாம்புகள் பின்னிக்கொள்ளும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு வரிக்கும் பொருந்தும்படி எழுதுவது லேசான காரியம் இல்லை. ஆனால் பாம்பை அழித்துவிட்டாலும் பாட்டை வாய்விட்டுச் சொல்லலாம். அந்த 48 வா-வைச் சொல்லிக் காட்டுங்கள் பார்ப்போம். இங்கே தட்டச்சு செய்து காட்டவும் வழியில்லை, நாலு இடைவெளி அடித்தால் இந்தத் தளம் ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது.

மாட்டியதெல்லாம் உசத்தி என்று சொல்லவில்லை. 'மழை' என்பதை மேலிருந்து கீழாகச் சிந்தவிடுவது, 'படி' என்பதைப் படிக்கட்டாக அடுக்குவது, இதெல்லாம் அங்கேயும் இருந்தது. பள்ளிக்கூடப் பையன் வேலை. பார்த்தவுடன் தீர்ந்துபோகிறது.

இன்னொரு வயிற்றெரிச்சல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் தும்பிக்கை வைத்த பழைய லை, ணை, னை எல்லாம் போயின. எளிமை என்றார்கள், சரி. ஆனால் அவற்றைப்போல் பார்வைக்கென்றே பிறந்த எழுத்து வேறு உண்டா? எங்கள் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், இருந்ததை உருக்கப் போட்டார்கள். ஒன்றாவது எடுத்து வைத்திருக்கலாம்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் இயன் ஹாமில்டன் ஃபின்லே தன் தோட்டத்தில் கவிதையைக் கல்லில் செதுக்கி வைத்தவர். செதுக்கிய கைவினைஞர்களின் பெயரையும் சேர்த்துப் போடுவார். என் தப்பை மாட்டியவர் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் இன்னும் அவமானம்தான், ஆனாலும்.

அந்தக் கண்காட்சியில் என்னை நிறுத்தியது வேறொரு தாள். வெறும் புள்ளிகள். தலைப்பு 'அம்மாவின் கடிதம்'. கடிதத்தில் இருந்த எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டு மெய்யெழுத்தின் புள்ளிகளை மட்டும் அதனதன் இடத்தில் விட்டிருந்தார், கைப்பட. அதை என்னால் கோத்திருக்கவும் முடியாது, எங்கள் கேஸில் புள்ளி தனியாகக் கிடையாது. எழுத்தோடு பழகியவன் ஆயிற்றே, முதல் வரியில் எங்கே 'ம்' வரும், எங்கே 'க்' வரும் என்று ஊகித்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். இரண்டாம் வரிக்கு மேல் முடியவில்லை.

நீங்கள் பார்த்த அந்தத் தாளில் 40 இருந்தது என்று எண்ணித்தான் சொல்கிறீர்களா? 39 என்றால் கீழே எழுதுங்கள்.