மாத்திரை போட்டும் வரவில்லை

உங்களுக்கு இன்னும் பிள்ளை தங்காதது தடுப்பூசியால் அல்ல. இரண்டாம் அலையில் உங்களுக்குக் கொரோனா வந்ததாலும் அல்ல. 'சாமி கொடுக்கிற நேரத்துல வேண்டாம்னுட்டு இப்போ கேட்டா கிடைக்குமா' என்று உங்கள் அத்தை சொல்கிறாரே, அதுவும் அல்ல. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அம்மா. மூன்றரைப் பக்கம் இந்த மூன்றுக்கே போய்விட்டது. நான் இரண்டு முறை படித்தது கடைசிப் பக்கத்தின் அடியில், மேலும் கீழும் இடுக்கி எழுதியிருந்ததை: "வயசு 36. நாலு மாசமா தூரம் ஆகல. மெடிக்கல்ல மாத்திரை வாங்கி அஞ்சு நாள் போட்டேன். முன்னே ரெண்டு தடவை அப்படித்தான் வந்தது, இந்தத் தடவை அதுக்கும் வரல. ராத்திரி ஃபேனுக்கு அடியிலேயே வேர்த்து நனையுது."

அதற்கு வருகிறேன். முதலில் அந்தப் பாவக் கணக்கை முடித்துவிடலாம்.

2020 மே மாதம், ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற காலத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம். அடுத்த மாதமே கோயம்புத்தூரில் உங்கள் வீட்டுக்காரருக்கு வேலை போனது. 'இரண்டு வருஷம் போகட்டும்' என்று இருவரும் பேசி முடிவெடுத்தீர்கள். இதில் என்ன தப்பு? உலகத்தில் நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. சரியாக ஒன்பது, பத்து மாதம் கழித்து, அந்த டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் பிறப்பு சட்டென்று சரிந்தது. 1918 இன்ஃபுளுயன்சாவுக்கு அப்புறமும் இதே கதை. கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் ஜிகா வைரஸ் பரவிய 2016-இல் எல் சால்வடார் அரசாங்கமே '2018 வரை கர்ப்பம் தரிக்காதீர்கள்' என்று பெண்களிடம் சொன்னது. கொள்ளைநோய்க் காலத்தில் பிள்ளையைத் தள்ளிப்போடுவது குடும்பத்தை நினைத்துப் பார்க்கிறவர்கள் செய்வது. உங்கள் அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்பார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

'ஊசி போட்டதால்தான் தமிழ்நாட்டில் பிறப்பு குறைகிறது' என்ற வாட்ஸ்அப் செய்தியையும் நகல் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தைதான். ஊசி வருவதற்கு முன்பே குறைந்ததற்கு ஊசி எப்படிப் பொறுப்பாகும்? அந்தத் தாளில் வடை கட்டலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு அப்போது வந்த காய்ச்சலும் கவலை இல்லை. காய்ச்சலில் விந்தணு குறைந்தாலும் மூன்று மாதத்தில் புதிதாக உற்பத்தியாகிவிடும்.

சரி, அந்த மாத்திரை.

அது மாதவிலக்கை வரவழைக்கிற மாத்திரை என்று மருந்துக்கடைத் தம்பி சொல்லியிருப்பார். அது செய்வது வேறு. கர்ப்பப்பையின் உள்சுவர், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனால் தடித்திருக்க வேண்டும். அப்படி இருந்தால், மாத்திரையை நிறுத்தியதும் அந்தச் சுவர் உதிர்ந்து ரத்தம் வரும். முன்னே இரண்டு தடவை வந்தது அதுதான். முட்டை வந்ததா, சினைப்பை சரியாக வேலை செய்கிறதா என்பதை அந்த ரத்தம் சொல்லாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். ஒரு வருஷம் வீணாகப் போய்விட்டது. இந்தத் தடவை உதிர்வதற்கே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். கூடவே ராத்திரி வேர்வை. 36 வயதில் இந்த இரண்டும் சேர்ந்தால், சினைப்பை நேரத்துக்கு முன்பே ஓய்கிறதா என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் பார்ப்பார். நாற்பது வயதுக்குள் நூற்றில் ஒரு பெண்ணுக்காவது இது வருகிறது. பிள்ளையைத் தள்ளிப்போட்டதால் இது வராது, ஆணுறை பயன்படுத்தியதாலும் வராது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. தைராய்டாக இருக்கலாம், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடியிருக்கலாம், நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். இவற்றுக்கு மருந்து உண்டு. கர்ப்பமாகக்கூட இருக்கலாம்! சிறுநீர்ப் பரிசோதனை செய்தீர்களா என்று நாலு பக்கத்தில் எங்கேயும் காணோம். நாளைக் காலையில் முதல் வேலை அதுதான். இல்லை என்று வந்தால், இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். அம்பையில் பார்க்கலாம், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கும் போகலாம். எஃப்எஸ்எச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்), ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை), தைராய்டு, புரோலாக்டின் ரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் எழுதுவார்கள். முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் ஒரு வருஷமும், அதற்கு மேலே ஆறு மாதமும் பிள்ளைக்கு முயன்று பார்த்துவிட்டு வரச் சொல்வோம். மாதவிலக்கே நின்றவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

சினைப்பை ஓய்கிறது என்றே முடிவு வந்தாலும் கதவு அடைத்துவிடாது. சிலருக்கு இடையில் தானாகவே கரு தரிப்பதுண்டு. அது இல்லாவிட்டாலும் வேறு வழிகளை மருத்துவர் சொல்வார். பிள்ளை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் வற்றினால் எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல. அதற்காகவாவது சிகிச்சை வேண்டும்.

ஆடிப்பூரத்தில் காந்திமதி அம்மன் வளைகாப்புக்குப் போக மனசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போங்கள், போகாமல் இருங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் மருத்துவரிடம் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விந்துப் பரிசோதனை அரை நாள் வேலை. போன வருஷம் எந்தெந்தத் தேதியில் தூரம் ஆனீர்கள் என்று காலண்டரைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் மாத்திரையைத் தொடாதீர்கள். அட்டையை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எதை விழுங்கினீர்கள் என்று அவர் பார்க்கட்டும்.